ஒரு நாள் பிந்திய வீடு

நந்திதுர்க் லைனில் முதன்முதலாக ஃபைபர் இணைப்பு வாங்கிய வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தால், அது விழுவதற்கு முன்பே அடுத்த வீட்டில் சத்தம் கேட்டது. அடுத்த வீடு கேபிள்காரர் தசரதனுடையது. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். கோலார் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீடுகள் எல்லாமே அப்படித்தான். ஒரு வீட்டில் தும்மினால் மறு வீட்டில் நூறு என்று சொல்வார்கள். ஃபைபர் வந்த பிறகு தசரதன் வீட்டில் முதலில் நூறு சொன்னார்கள், அதற்கப்புறம்தான் பரணி வீட்டில் தும்மினார்கள்.

பரணி வீட்டில் மூன்று பேர். பரணி மாரிக்குப்பத்தில் காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்புகிறவன். அவன் மனைவி ஸ்வப்னா, வீட்டில் உட்கார்ந்தபடியே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வரும் புகார்களைக் கேட்கிறவள். மூன்றாவது பரணியின் அம்மா வெங்கடம்மா. அவள் குரல் லைனில் பெயர் பெற்றது. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஒப்பாரி அவளுடையது; ஆண்டர்சன்பேட்டையிலிருந்துகூட ஆள் விட்டு அழைத்துப் போவார்கள். அவள் குரலெடுத்தால் செத்தவரைப் பிடிக்காதவர்களும் அழுதார்கள்.

தசரதன்தான் அந்த லைனுக்குக் கேபிள் கொண்டுவந்தவர். சுரங்கத்தை மூடி, வேலை போன ஆண்கள் பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்திருந்த வருடங்களில், தகரக் கூரைகளின் மேல் ஏறிக் கறுப்பு வயரை வீடு வீடாக இழுத்தார். பரணியின் அப்பா நாராயணசாமி நெஞ்சில் பாறைத்தூசி இறுகி மூச்சுக்குத் தவித்துச் செத்த வாரத்தில், வெங்கடம்மா தனியாக உட்கார்ந்து அழக்கூடாது என்று அந்த வீட்டுக்குச் சும்மாவே கனெக்‌ஷன் கொடுத்தார். அதிலிருந்து அந்த வீட்டின் மேல் தனக்கு ஓர் உரிமை இருப்பதாக நினைத்தார். வெங்கடம்மாவை அக்கா என்றார். பரணி அவரை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தான். அதனால்தானோ என்னவோ, கேபிள் இன்டர்நெட் தூறல் போட்டாலே நின்றுபோய் ஸ்வப்னாவின் வேலைக்கே ஆபத்து வந்தபோது, ஃபைபர் போடப்போவதை அவரிடம் சொல்ல பரணிக்கு வாய் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்தார்கள், ஒரு வெள்ளை நூலைச் சுவரில் துளைத்து உள்ளே விட்டார்கள், கூரைமேல் இருந்த கறுப்பு வயரை அறுத்துக் கரண்டு போஸ்டில் சுற்றிவிட்டுப் போனார்கள். தசரதன் தன் வாசலில் பல் விளக்கிக்கொண்டே அதைப் பார்த்தார். வெங்கடம்மாதான் எழுந்து வந்து பேசினாள்.

"பசங்க வேலைக்குன்னு போட்டுக்கினாங்க தசரதா. மனசுல வச்சிக்காத."

"நான் இன்னாத்துக்கு வச்சிக்கப் போறேன் அக்கா" என்றார் தசரதன். வைத்துக்கொண்டார்.

பரணி அத்தோடு நிற்கவில்லை. லைன் முழுக்கச் சேர்ந்து வாங்கினால் சலுகை உண்டு என்று கம்பெனிக்காரர்கள் சொன்னதால் வாட்ஸப்பில் ஒரு குரூப் போட்டு, எல்லா வீட்டையும் அதில் சேர்த்தான். ஒவ்வொரு வாரமும் ஒரு வீடு கறுப்பு வயரை அறுத்தது. தசரதனைச் சேர்க்க வேண்டாம் என்று யாருக்கும் தோன்றாததால் அவரும் அந்தக் குரூப்பில் இருந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தார்.

ஃபைபர் மாட்டிய பையன் முதல் நாளே சொல்லியிருந்தான், படம் நேராக வராது, எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வரும், ஒரு மூச்சு பிந்தும், மற்றபடி பளிச்சென்று இருக்கும் என்று. அப்படித்தான் இருந்தது. தசரதன் வீட்டில் அவுட் என்று கத்தி ஓய்ந்த பிறகே பரணி வீட்டு டிவியில் பந்து போடப்பட்டது. பிறகு அந்தப் பிந்தல் டிவியிலிருந்து வீட்டுக்குள் இறங்கியது. முதலில் கவனித்தவள் தசரதனின் மனைவி மமதா. சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்து அடங்கியதைக் கேட்டுவிட்டு அவள் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தால், வெங்கடம்மா அப்போதுதான் குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சுவர் வழியாக அந்த வீட்டின் சத்தம் முன்னதாகவே வந்துவிடுகிறது, பிறகு நிஜமாக நடக்கும்போது மறுபடி கேட்பதில்லை என்பது கொஞ்ச நாளில் தெளிவாகிவிட்டது. மழைக்காலம் முடியும்போது இடைவெளி ஒரு சாப்பாட்டு நேரமாக நீண்டது. பொங்கலுக்கு அரை நாள். அடுத்த ஆடி வருவதற்குள் சரியாக ஒரு நாள் என்று நின்றது. மற்ற ஃபைபர் வீடுகளிலும் இப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அவற்றின் பக்கத்து வீடுகளும் ஃபைபராகிவிட்டதால் இருவரும் ஒரே அளவு பிந்தி, ஒன்றும் தெரியவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் கேபிள், அந்தப் பக்கம் ஃபைபர் என்று இருந்தது இந்த ஓர் இடம்தான்.

தசரதன் முதலில் அதை ஸ்வப்னாவைச் சீண்டப் பயன்படுத்தினார். "நாளைக்கு உங்க வீட்ல பருப்பு தீஞ்சிரும், பாத்துக்கோ" என்பார். ஒரு தடவை அவரைப் பொய்யாக்கவே அவள் பருப்பு வைக்கவில்லை. முந்தின நாள் மிச்சத்தை வெங்கடம்மா சூடு பண்ணப் போய், அது தீய்ந்தது. இரவுச் சண்டையில் தான் சொல்லப்போகும் வார்த்தை என்ன என்பதைக் காலையிலேயே பக்கத்து வீட்டுக்காரர் வாயிலிருந்து கேட்டுக்கொண்டு பரணி ரயிலேறினான். சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் சொன்னான். கேட்டது நடந்தது. நடக்காமல் இருந்ததே இல்லை.

சேதி பரவியதும் தசரதனை அறுத்துவிட்டுப் போன வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கேபிளுக்காக அல்ல, சுவருக்காக. அவர் நாற்காலி போட்டார், மமதா டீ போட்டாள். அடுத்த வீட்டின் நாளைய பொழுதை லைன் முழுக்க உட்கார்ந்து கேட்டது. தசரதனுக்கு நெடுநாளைக்குப் பிறகு வீடு நிறைந்திருந்தது பிடித்தது. ஸ்வப்னா வீட்டுக்குள் குரல் தாழ்த்திப் பேசப் பழகினாள். வெங்கடம்மா கவலைப்படவில்லை, "கேக்கட்டும், நம்ம வீட்ல இன்னா தங்கமா வெட்றோம்" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, சமையல் வேலை முடிந்து பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்த நேரத்தில், அந்தப் பக்கம் பல கால்கள் உள்ளே வரும் சத்தம் கேட்டது. கனமான எதையோ தரையில் வைத்தார்கள். உள்ளே வந்தவர்களில் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஸ்வப்னா அழுதாள்.

"ஒரு வாய் காப்பிகூட குடிக்காம போயிட்டீங்களே... என்ன யாருகிட்ட வுட்டுட்டுப் போனீங்க... நான் இனிமே யாரப் பாத்துக்கினு இந்த வீட்ல உக்காந்திருப்பேன்..."

தசரதன் வீட்டில் இருந்தவர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வெங்கடம்மாவின் குரல் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. நெடுநேரம் கேட்டும் வரவில்லை. எவர் செத்தாலும் முதலில் எழும் குரல் எழவில்லை என்றால் செத்தது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பரணியின் குரலும் கேட்கவில்லை. ஆண்பிள்ளை வாசலில் நின்று ஆக வேண்டியதைப் பார்ப்பான் என்று அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. "மாமியாருக்கு இப்படி அழற மருமவள இப்பதான் பாக்கறேன்" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மமதா புருஷனைத் தனியாகக் கூப்பிட்டு, "சொல்லாதீங்க. ஒரு நாளுதான, நிம்மதியா இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். தசரதன் போனை எடுத்து, பரணி போட்ட அந்தக் குரூப்பில், வெங்கடம்மாவின் படத்தைத் தேடியெடுத்துக் கண்ணீர் அஞ்சலி என்று எழுதி, கும்பிடும் கை இரண்டையும் சேர்த்து அனுப்பினார். கீழே நாளைய தேதியைப் போட்டார்.

ஸ்வப்னா அப்போது யாரோ ஒருவரின் புகாரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போனில் அதைப் பார்த்தவள் ஹெட்போனைக் கழற்றாமலே எழுந்து ஓடி வந்தாள். வெங்கடம்மா டிவி முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பங்காருபேட்டை கல்யாணத்துல எடுத்தது. இதவிட நல்லது ஒண்ணு கீது, அதப் போட்டிருக்கலாம்" என்றாள். அதற்கப்புறம்தான் கீழே போட்டிருந்த தேதியைப் படிக்கச் சொன்னாள்.

பரணி பெங்களூரில் ஆபீஸில் இருந்தான். குரூப்பில் சேதி வந்தது தெரிந்து போனைத் திறந்தபோது, முதலில் கண்ணில் பட்டது சாவு என்பதுதான். யார் என்பது அடுத்த நொடியில்தான் தெரிந்தது. அந்த ஒரு நொடியில் அவன் மனைவியை நினைத்துவிட்டிருந்தான். அம்மா என்று தெரிந்தபோது உள்ளே ஏதோ தளர்ந்தது. அவன் மத்தியான ரயிலில் வந்து சேர்ந்ததும் ஸ்வப்னாவைக் கட்டிக்கொண்டு, "நீன்னு நெனச்சிட்டேன்" என்றான். "நானும் உங்களத்தான் நெனச்சேன்" என்றாள் அவள். பக்கத்து அறையில் இருந்த வெங்கடம்மாவுக்கு அது கேட்டது. அவளுக்கு வருத்தம் இல்லை. அவளும், ஸ்வப்னா ஓடி வந்தபோது மகனைத்தான் நினைத்து, தன் படத்தைப் பார்த்த பிறகு ஆறுதல் அடைந்திருந்தாள்.

அன்றே அவளைப் பங்காருபேட்டைக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, இந்த அம்மாவுக்கு இன்னும் பல வருடங்கள் ஒன்றும் ஆகாது என்றார். அவருக்கு லைனைப் பற்றித் தெரியாது என்று அவர்கள் திரும்பிவிட்டார்கள்.

வந்து பார்த்தால் வாசலில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். ராபர்ட்சன்பேட்டையில் ஷாமியானாவும் ஐஸ் பெட்டியும் வாடகைக்கு விடும் ஹரோல்ட் ஏணிமேல் நின்றபடி தொப்பியைக் கழற்றினார்.

"தப்பா நெனக்காதீங்க ஆன்ட்டி. ஆவணி மொத முகூர்த்தம். இன்னிக்கே கட்டலன்னா நாளைக்குக் கெடைக்காது."

"கட்டுப்பா" என்றாள் வெங்கடம்மா. "வெயிலு வுழாம கட்டு. வர்றவங்க உக்காரணும்."

மூங்கிலோடு வந்தவன் பாடைக்கு அளவு கேட்டான். "நிக்கட்டுமா, படுக்கட்டுமா?" என்று கேட்டு, அவன் கூச்சப்படுவதைப் பார்த்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் குள்ளம். அவன் நூல் பிடித்து அளந்துகொண்டு போனான். நந்திதுர்க்கிலும் மாரிக்குப்பத்திலும் இருந்த சொந்தங்கள் மாலையோடு வந்தார்கள். முன்கூட்டியே அழ முடியாமல் திணறிய பெண்களுக்கு அவளே முதல் அடியை எடுத்துக்கொடுத்தாள். எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும் என்றும் சொன்னாள். சிலர் அவள் உட்கார்ந்திருந்த பாயைச் சுற்றி நின்று அவளைப் பார்த்து அழுதார்கள். ஒருத்தி அவள் காதிலிருந்த தோட்டைக் கழற்றித் தரச் சொன்னாள், பிறகு களேபரத்தில் காணாமல் போய்விடும் என்று. வெங்கடம்மா கழற்றி ஸ்வப்னாவிடம் கொடுத்தாள். வீட்டின் முகப்பில் அவள் படம் போட்ட ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அது அவள் சொன்ன நல்ல படம்.

மறுநாள் காலை மேளக்காரர்கள் வந்து தோலைச் சூடு காட்டி வைத்திருந்தார்கள். ஸ்வப்னா அழப்போகும் வார்த்தைகள் இதற்குள் லைனுக்கே மனப்பாடம். ஒரு வாய் காப்பிகூட குடிக்காம என்று அதில் வருகிறதே, அதையாவது பொய்யாக்கிவிடலாம் என்று ஸ்வப்னா மாமியாருக்குக் காப்பி மேல் காப்பியாகப் போட்டுக் கொடுத்தாள். வெங்கடம்மா மூன்று டம்ளர் குடித்தாள். அந்தக் கவலையில் பரணிக்குக் கொடுக்க மறந்துவிட்டார்கள். அவனும் கேட்கவில்லை.

அவன் விடியற்காலையிலிருந்து ஒன்றையே யோசித்துக்கொண்டிருந்தான். பிந்தி நடப்பது ஃபைபரால். ஃபைபரைப் பிடுங்கி, பழையபடி கேபிளை மாட்டிவிட்டால் இந்த வீடும் அந்த வீடும் ஒரே நேரத்துக்கு வந்துவிடும். அப்போது நேற்று சுவரில் கேட்டது இந்த வீட்டுடையதாக இருக்காது. அவன் போய்த் தசரதன் வாசலில் நின்றான். ஷாமியானாவில் சிவப்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமா, கேபிள திரும்பக் குடுங்க மாமா. இத நான் புடுங்கிப் போட்டுடறேன்."

"அறுத்தது யாரு?"

"நான்தான்."

"சொல்லாம அறுத்த. அப்பறம் குரூப்பு போட்டு லைனயே அறுக்க வச்ச."

"தப்புதான் மாமா. கால்ல வுழறேன். அம்மா மாமா."

தசரதன் அவனை விழவிடாமல் தோளைப் பிடித்து நிறுத்தினார். "வயரு போஸ்ட்லயே சுத்திக் கெடக்குது. நான் எங்கயும் எடுத்துக்கினு போவல. ஆனா என் கையால மாட்ட மாட்டேன். அம்மா வேணும்னா நீயே ஏறி மாட்டிக்கோ."

ஏணியைத் தசரதனே கொண்டுவந்து சாத்தினார். மமதா அடுப்படியில் இருந்தாள், வெளியே வரவில்லை. பரணி முதலில் சுவரிலிருந்து வெள்ளை நூலைப் பிடுங்கி எறிந்தான். பிறகு போஸ்டில் ஏறினான். கறுப்பு வயர் ஆடிக் காற்றில் நகர்ந்து கரண்டு கம்பியின் மேல் படுத்திருந்தது, உரசி உரசி உறை தேய்ந்திருந்தது. அவன் நுனியைப் பிடித்து இழுத்தான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். கீழே இருந்தவர்கள் அவன் முடிச்சை அவிழ்க்கிறான் என்று நினைத்தார்கள். அப்புறம் அவன் ஷாமியானாவின் மேல் விழுந்தான். துணி அவனைத் தாங்கப் பார்த்து, முடியாமல் கிழிந்து, மேளக்காரர்களுக்கும் சிவப்பு நாற்காலிகளுக்கும் நடுவே அவனை இறக்கியது.

நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். இன்னும் பலர் பின்னால் போனார்கள். டிவி முன்னால் பாயில் உட்கார்ந்து தன் சாவுக்காகக் காத்திருந்த வெங்கடம்மாவின் எதிரே அவனை வைத்தார்கள். உள்ளே வந்தவர்கள் எல்லாரும் நேற்று தசரதன் வீட்டில் இருந்தவர்கள். அடுத்து என்ன கேட்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததால் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்வப்னா அவன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். "ஒரு வாய் காப்பிகூட குடிக்காம போயிட்டீங்களே" என்று ஆரம்பித்தாள். சில பெண்களின் உதடுகள் அவளோடு சேர்ந்து அசைந்தன. வெங்கடம்மா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. திறந்த வாய் நெடுநேரம் அப்படியே இருந்தது, பிறகு மூடிக்கொண்டது.

போலீஸ் வந்து உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாலையில் திருப்பிக் கொடுத்தது. கம்பிமேல் வயர் கிடந்தது தெரியுமா என்று தசரதனைக் கேட்டார்கள். தெரியாது என்றார். மமதாவையும் கேட்டார்கள். அவள் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். எல்லாம் தயாராக இருந்ததால் சாவு வேலைகள் தாமதமில்லாமல் நடந்தன. பாடை மட்டும் வெங்கடம்மா அளவுக்குக் கட்டியது. பரணி நெட்டை, முழங்காலுக்குக் கீழே வெளியே தொங்கியது. இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும் என்பதால் புதிதாகக் கட்டவில்லை, ஒரு ஆள் கூடவே நடந்து கால்களைப் பிடித்துக்கொண்டு வந்தான். முகப்பில் இருந்த ஃப்ளெக்ஸைத் திருப்பிக் கட்டினார்கள். வெள்ளைப் பக்கம் தெருவைப் பார்த்தது. கிழிந்த ஷாமியானாவை ஹரோல்ட் சுருட்டிக்கொண்டு போனார்.

தசரதனை லைனில் யாரும் குறை சொல்லவில்லை. அவர் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், சொன்ன வீட்டில்தான் நடந்தது. ஆள்தான் மாறிவிட்டது என்றார்கள். ஆனால் சுவரோரம் உட்கார யாரும் வரவில்லை. நாற்காலிகளை மமதா மடித்து வைத்தாள். இரு பக்கமும் கேபிளாகவே மிச்சமிருந்த சில வீடுகளும் ஃபைபருக்குப் போயின. பரணி பிடுங்கி எறிந்த வெள்ளை நூலை, காரியம் முடிந்த கையோடு ஆள் வந்து மறுபடி மாட்டினான், ஸ்வப்னாவுக்கு லீவு முடிந்துவிட்டதால். அவள் முன்பு போலவே உள்ளறையில் உட்கார்ந்து புகார்களைக் கேட்டாள். சொந்த ஊருக்குப் போய்விடச் சொன்ன தன் வீட்டாரிடம், அத்தையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டாள்.

வெங்கடம்மா பேசவே இல்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். லைனில் அதற்குப் பிறகு செத்தவர்கள் அவள் ஒப்பாரி இல்லாமல் போனார்கள். பெற்ற பிள்ளைக்கு அழாதவளைக் கூப்பிட யாருக்கும் துணிவு வரவில்லை. தசரதன் தன் வீட்டில் மட்டும் கேபிளை வைத்திருந்து, வேலை இல்லாத பகல்களில் சுவரில் காதை வைத்துக் காத்திருந்தார். ஸ்வப்னா யாரையோ சமாதானப்படுத்துவது கேட்டது. டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. அவர் எதிர்பார்த்த குரல் கேட்கவில்லை. அவள் திட்டினால் போதும் என்ற நிலைக்கு அவர் வந்திருந்தார்.

அப்படி ஒரு மத்தியானம் காதை வைத்தபோது அந்தப் பக்கத்திலிருந்து தன் குரலையே கேட்டார்.

"அக்கா, ஒரு வார்த்த பேசுக்கா. திட்டு. செருப்பெடுத்து அடி. இப்படி உக்காந்துகினு இருக்காதக்கா..."

இன்னும் ஏதோ சொல்ல ஆரம்பித்தது அந்தக் குரல். அதற்குள் டிவி சத்தம் கூடியது, மேலும் கூடியது, சொன்னது எல்லாம் அதில் மூழ்கிப்போனது. மமதாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "நீங்கதான்" என்றாள். "நான் போவ மாட்டேன்" என்றார் தசரதன்.

மறுநாள் காலையிலேயே கிளம்பிப் பங்காருபேட்டைக்குப் போய், ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கோலார் போகும் பஸ்ஸில் ஏறிவிடலாமா என்றும் நினைத்தார். யாரும் அவரை இழுக்கவில்லை. வெயில் ஏற ஏற, அவரே எழுந்து ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தார். தன் வீட்டைத் தாண்டி அடுத்த வாசலில் செருப்பைக் கழற்றினார். ஸ்வப்னா அவரைப் பார்த்துவிட்டு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் வெங்கடம்மாவின் எதிரே, பரணியை வைத்த அதே இடத்தில் உட்கார்ந்தார். வேறு வார்த்தைகளில் தொடங்க முயன்றார், வரவில்லை. நேற்று கேட்ட வார்த்தைகளையே சொன்னார். வெங்கடம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். அதற்கு மேல் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாது. நேற்று அது கேட்கவில்லை. அவர் அந்த இரைச்சலுக்குள், கம்பிமேல் கிடந்த வயரைப் பற்றி அதுவரை யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொல்லி முடித்தார். அவள் அசையாமல் கேட்டாள். பிறகு முன்னால் குனிந்து, அவர் காதருகே வாயைக் கொண்டுவந்தாள். மகன் செத்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. சுவருக்குக் கேட்கக் கூடாது என்றுதான் சத்தத்தைக் கூட்டியிருந்தாள்.

"நாளைக்கும் வா" என்றாள்.

தசரதன் மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். சொன்னதையே சொன்னார். அவள் கேட்டுவிட்டு அந்த ஒரே பேச்சைச் சொன்னாள். மன்னித்தேன் என்றோ மன்னிக்கமாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை, அவர் அதைக் கேட்பதையும் பிறகு விட்டுவிட்டார். காய்ச்சலில் கிடந்த நாளில்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோனார். அவர் அங்கே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மமதா இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டு, சுவர் வழியாக அவருடைய நாளைய அழுகையைக் கேட்கிறாள். கேட்டுவிட்டால் நாளைக்கும் அவர் இருப்பார் என்று நாளைக்கான அரிசியை ஊறவைக்கிறாள். என்றைக்காவது கேட்காமல் போனால் என்ன செய்வது என்று ஹரோல்டிடம் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறாள். கேபிளை அறுத்துவிடலாமே என்று ஒரு தடவை ஸ்வப்னா கேட்டபோது, "பேடாம்மா, வேணாம், இருக்கட்டும்" என்றாள்.

லைனில் இதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. வெங்கடம்மா வீட்டில் டிவி சத்தம் கூடினால், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.